பெட்டி நிறைந்துவிட்டது, பிள்ளைக்குக் கேட்கத் தெரியுமா?

ஜூன் மாதம் பிறந்தால் போதும். ஆகஸ்ட் முடிகிற வரை பஸ் நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் ஒரே மாதிரிக் குடும்பங்களைப் பார்க்கலாம்.

புதுப் பெட்டி ஒன்று இருக்கும். பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் குவளை, சோப்பு, துணி காயப்போடும் கயிறு. பாயைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். ஒரு பையில் முறுக்கு டப்பா, இட்லிப் பொடி, ஊறுகாய். தலைவலித் தைலம்கூட மறக்காமல் வந்திருக்கும்.

நடுவில் ஒரு பிள்ளை நிற்கும். பிளஸ் டூ முடித்துவிட்டு வெளியூர்க் கல்லூரிக்குப் போகிற பிள்ளை. அந்தக் குடும்பத்திலேயே முதல் தடவையாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற பிள்ளையாகவும் இருக்கலாம்.

தாயார் பெட்டியை மூன்று தடவை திறந்து பார்த்திருப்பார். தகப்பனார் ரசீதுகளை நான்கு தடவை எண்ணியிருப்பார். எல்லாம் சரியாக இருக்கும்.

ஆனால் பிள்ளைக்கு வாய் திறந்து கேட்கத் தெரியாது.

"சார், இந்தப் படிவத்தை எங்கே கொடுக்க வேண்டும்?" என்று கேட்க வெட்கம். "மேடம், இந்த இடம் புரியவில்லை" என்று சொல்லப் பயம். விடுதிச் சாப்பாட்டில் "அண்ணா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கள்" என்று சொல்லக்கூடக் கூச்சம்.

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பெரிய விஷயம்தான். வெளியூரில் பிள்ளைகள் படும் துன்பங்களில் பல, கேட்காமல் இருந்ததால் வருகின்றன. இன்னும் பல, வந்த துன்பத்தை வீட்டில் சொல்லாமல் இருந்ததால் வளர்கின்றன.

மந்தமான பிள்ளைகளுக்குத்தான் இப்படி நடக்கும் என்று நினைக்க வேண்டாம்.

கப்பலில் ஒரு கூச்சக்காரர்

1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந்தேதி பம்பாயில் இருந்து ஒரு வாலிபர் கப்பல் ஏறினார். லண்டனில் சட்டம் படிக்கப் போனார். வயது 18. தகப்பனார் இறந்து போயிருந்தார். தாயார் அவரிடம் மூன்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார். மது தொடக்கூடாது. மாமிசம் கூடாது. பெண்களை நாடக்கூடாது.

அந்த வாலிபர்தான் மகாத்மா காந்தி.

கப்பலில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் இருக்கிறது, எதில் இல்லை என்று அவருக்குத் தெரியாது. கேட்டால் சொல்லியிருப்பார்கள். கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கரண்டியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியாது. ஆகவே அவர் சாப்பாட்டு மேஜைக்கே போகவில்லை. வீட்டில் இருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் தம் அறையிலேயே தின்றுகொண்டு கடலைக் கடந்தார்.

லண்டன் போன பிறகும் இதே கதைதான். அவர் தங்கிய இடத்தில் ரொட்டி வைப்பார்கள். இரண்டு மூன்று துண்டு எடுத்துக்கொள்வார். நன்றாகச் சாப்பிடுகிற வயிறு அவருக்கு. ஆனாலும் இன்னொரு துண்டு கேட்க வெட்கப்பட்டார். அரை வயிற்றோடு எழுந்தார். இதையெல்லாம் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

பிறகு அவர் வீட்டுக்காரி மூலம் ஒரு செய்தி தெரிந்தது. ஊருக்குள் சைவச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன என்றாள். அவ்வளவுதான். காந்தி தினமும் மைல் கணக்காக நடந்து தேடினார். ஒரு கடையைக் கண்டுபிடித்தார். அன்றுதான் அந்நிய தேசத்தில் வயிறார உண்டார்.

தெரிந்தவர் ஒருவர் சொன்ன ஒரு வார்த்தையில் பட்டினி தீர்ந்துவிட்டது.

கம்பளி இருந்தும் குளிர்

இன்னொருவர் நமது கும்பகோணத்துக்காரர். கணித மேதை ராமானுஜன்.

அவர் 1914-ம் ஆண்டு மார்ச் 17-ந்தேதி சென்னையில் கப்பல் ஏறினார். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். அவருடைய கணக்குகளைப் பார்த்துப் பெரிய பெரிய பேராசிரியர்கள் வியந்தார்கள்.

அங்கே மகலானோபிஸ் என்ற வங்காளி மாணவர் அவருக்கு நண்பர் ஆனார். பிற்காலத்தில் இந்தியாவில் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் அவர்தான். ஒருநாள் ராமானுஜனைப் பார்க்கப் போனார். இரவில் குளிர் தாங்கவில்லை என்று ராமானுஜன் சொன்னார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்றார்.

மகலானோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. ஒன்றல்ல, பல! எல்லாவற்றையும் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டிருந்தார்கள். அது அந்த நாட்டு வழக்கம். படுக்கும்போது கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்துகொள்ள வேண்டும். ராமானுஜனுக்கு அது தெரியாது. மேலே கிடந்த மெல்லிய விரிப்பை மட்டும் போர்த்திக்கொண்டு இரவெல்லாம் நடுங்கியிருக்கிறார்!

உலகமே போற்றிய மூளை. அந்த மூளைக்குக் கட்டிலில் எப்படிப் படுப்பது என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. நண்பரிடம் பேச்சுவாக்கில் சொன்னதால்தான் விஷயம் வெளியே வந்தது.

அவர்களுக்கே இந்தக் கதி என்றால், கிராமத்துப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டுச் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போகிற 17 வயதுப் பிள்ளையின் பாடு என்ன?

பேசாத பிள்ளை நல்ல பிள்ளையா?

பிள்ளைகள் ஏன் கேட்பதில்லை? பிறவியிலேயே ஊமையா? இல்லை. மூன்று வயதில் "அது ஏன், இது ஏன்" என்று வீட்டையே துளைத்த பிள்ளைதானே!

வாயை மூட வைத்தது வீடுதான். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்றார்கள். எதிர்க்கேள்வி கேட்டால் திமிர் என்றார்கள். பெண்பிள்ளை கேட்டால் வாயாடி என்றார்கள். பேசாமல் இருந்த பிள்ளையை "நல்ல பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது" என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள்.

அதோடு விட்டார்களா? பிள்ளைக்காக எல்லா இடத்திலும் தாங்களே பேசினார்கள். டாக்டர் பிள்ளையைப் பார்த்து "என்ன செய்கிறது?" என்று கேட்பார். தாயார் பதில் சொல்வார். வங்கியில் கணக்கு பிள்ளை பெயரில் இருக்கும். பேசுவது தகப்பனார். கல்லூரியில் என்ன படிக்க ஆசை என்று கேட்டால் மாமா முந்திக்கொள்வார்.

பதினேழு வருடம் இப்படி வளர்த்துவிட்டு, பதினெட்டாம் வருடம் ஒருநாள் சாயங்காலம் விடுதி வாசலில் இறக்கிவிடுகிறார்கள். "தைரியமாக இருப்பா. எதுவானாலும் கேட்டுக்கொள்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையில் தைரியம் வந்துவிடுமா?

வராது. அதற்குப் பழக்கம் வேண்டும்.

தாலுகா ஆபீஸுக்குப் பிள்ளை போகட்டும்

பரீட்சை முடிந்து கல்லூரி திறக்க இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அந்த நாட்களைப் பல வீடுகளில் பிள்ளை தூங்கிக் கழிக்கிறது. அலைவதெல்லாம் தகப்பனார்.

சாதிச் சான்றிதழ் வேண்டும். வருமானச் சான்றிதழ் வேண்டும். குடும்பத்தில் பட்டதாரி யாரும் இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். இதற்கெல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பார்ப்பார். வருவாய் ஆய்வாளர் பார்ப்பார். பிறகு தாலுகா ஆபீஸ். நடுவில் ஒரு காகிதம் குறைகிறது என்பார்கள். மறுபடியும் நடக்க வேண்டும்.

இந்த அலைச்சலைப் பிள்ளையிடம் விடுங்கள். தகப்பனார் கூடவே போகட்டும். ஆனால் வாசலில் நிற்கட்டும்.

பிள்ளை முதல் தடவை தடுமாறும். தப்பான வரிசையில் நிற்கும். "நாளைக்கு வா" என்றதும் ஏன் என்று கேட்காமல் திரும்பிவிடும். பரவாயில்லை. மறுநாள் போய் "சார், எந்தக் காகிதம் குறைகிறது? எழுதிக் கொடுங்கள், கொண்டுவருகிறேன்" என்று கேட்கட்டும். ஒரு அலுவலகத்தில் வேலையை முடித்துக்கொண்டு வந்த பிள்ளைக்குக் கல்லூரி அலுவலகம் புதிதாகத் தெரியாது.

அசல் சான்றிதழ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதைக் கொடுத்தாலும் முதலில் நான்கைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். போனில் படமும் எடுத்து வைக்கலாம். அசல் மதிப்பெண் சான்றிதழைக் கல்லூரிகள் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ம் ஆண்டு அறிவித்தது. இதுவும் பலருக்குத் தெரியாது. கேட்டால்தானே தெரியும்!

காசு யார் கையில்?

பணத்திலும் இதே கதைதான். பிளஸ் டூ முடிகிற வரை பத்து ரூபாய்க்கும் கை நீட்டின பிள்ளை. விடுதியில் சேர்ந்ததும் மாதம் 3 ஆயிரம் ரூபாய் மொத்தமாகக் கணக்கில் விழுகிறது. முதல் பத்து நாளில் தீர்ந்துவிடுகிறது. இதில் பிள்ளையை மட்டும் திட்டி என்ன பயன்?

மே மாதத்திலேயே ஒரு மாதக் காய்கறிச் செலவைப் பிள்ளை கையில் கொடுத்துப் பாருங்கள். சந்தைக்குப் பிள்ளையே போகட்டும். விலை கேட்கட்டும். பேரம் பேசட்டும். இருபதாம் தேதி பணம் தீர்ந்துபோனால் மீதி நாள் ரசத்தோடு ஓடட்டும். வீட்டில் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

செலவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். லண்டனில் காந்தி தினமும் செலவு செய்த ஒவ்வொரு காசையும் எழுதி, படுக்கப்போகும் முன் கணக்குப் பார்த்தார். போன் வழியாகப் பணம் அனுப்புகிற இந்தக் காலத்தில் இது இன்னும் அவசியம். நோட்டாக எடுத்துக் கொடுத்தால் கை வலிக்கும். விரலால் தொட்டு அனுப்பினால் வலிப்பதில்லை!

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்கட்டும். ஆதார் எண்ணும் இணைந்திருக்கட்டும். அரசு உதவிகள் நேரே அங்கேதான் வரும். அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. தன் பிள்ளைக்கு என்ன உதவி உண்டு, இப்போதைய விதி என்ன என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் பிள்ளையே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். முதல் வாரத்துக்கு அது நல்ல வேலை.

வீட்டின் கடனைப் பிள்ளைக்குச் சொல்லலாமா? சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை, உட்கார வைத்து, கணக்காகச் சொல்ல வேண்டும். "கல்விக் கடன் இவ்வளவு. நகை அடகு இவ்வளவு. மாதம் இவ்வளவு அனுப்ப முடியும்." பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். கல்விக் கடனில் 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் சொத்து அடமானம் கேட்பதில்லை என்பது தெரியாமல் வட்டிக்கடைக்கு ஓடிய குடும்பங்கள் எத்தனையோ! ஆகவே வங்கிக்குப் போகும்போதும் பிள்ளையைக் கூட்டிப்போவது நல்லது.

ஆனால் அதே கடனைத் தினமும் போனில் சொல்லிக் காட்டுவது வேறு. "உனக்காகத்தான் நிலத்தை விற்றோம்." "உன்னை நம்பித்தான் இந்தக் குடும்பமே இருக்கிறது." பாசத்தில் சொல்கிற வார்த்தைகள்தான். பிள்ளைக்கு அது தலையில் கல். அந்தக் கல்லைச் சுமக்கிற பிள்ளை, ஒரு பாடத்தில் தோற்றால் வீட்டில் வாய் திறக்குமா?

துணி துவைக்கத் தெரியாத பையன்

இங்கே ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். பெண்ணுக்கு எல்லா வேலையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெளியே போய்ப் பேச விடுவதில்லை. பையனை ஊரெல்லாம் சுற்ற விடுகிறார்கள். தன் சட்டையைத் துவைக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. இரண்டு பேரும் பாதி தயாராகத்தான் விடுதிக்குப் போகிறார்கள்.

பையன் சட்டையைத் துவைக்கட்டும். பொத்தான் தைக்கட்டும். ஒரு உப்புமாவாவது கிண்டட்டும். காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் பொறுக்கலாம், எப்போது டாக்டரிடம் போகவேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும். மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

பெண்ணின் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. அதைத்தான் பெற்றோர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஒரு பெண் வெளியூரில் படிக்கிறாள். பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்கிறான். அல்லது கல்லூரியில் யாரோ தப்பாகப் பேசுகிறார்கள். அவள் வீட்டில் சொல்கிறாள். வீட்டில் என்ன பதில் வருகிறது? "படித்தது போதும். பெட்டியைக் கட்டிக்கொண்டு வா!"

குற்றம் செய்தவன் அங்கேயே இருக்கிறான். சொன்ன பெண்ணுக்குத் தண்டனை!

இது பெண்களுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காளுக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே அவர்கள் சொல்வதில்லை. தாங்கிக்கொள்கிறார்கள். தொந்தரவு செய்கிறவனுக்கும் இது தெரியும். அவள் வீட்டில் சொல்லமாட்டாள் என்பதுதான் அவனுடைய பலம்.

பெண்ணை அனுப்பும் முன்பு தாயும் தகப்பனும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வாக்குக் கொடுக்கலாம். "அம்மா, எது நடந்தாலும் எங்களிடம் சொல். சொன்னதற்காக உன் படிப்பை நிறுத்தமாட்டோம்." காந்தியின் தாயார் பிள்ளையிடம் சத்தியம் வாங்கினார். இந்தச் சத்தியம் பெற்றோர் கொடுக்க வேண்டியது. கொடுத்தால் காப்பாற்றவும் வேண்டும். அதுதான் கஷ்டம்.

காணாமல் போன பையன்

மறுபடியும் ராமானுஜனிடம் வருவோம். கேம்பிரிட்ஜ் போவதற்கு ஒன்பது வருடம் முன்பு நடந்தது இது.

அவருக்குக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்திருந்தது. தகப்பனார் ஜவுளிக் கடைக் கணக்கர். வீட்டில் வசதி கிடையாது. ஆனால் ராமானுஜனுக்குக் கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார். உதவித்தொகை பறிபோனது.

1905-ம் ஆண்டு ஆகஸ்டில் ஒருநாள் அவரைக் காணவில்லை. யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறி விசாகப்பட்டினம் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது 17. பெற்றோர் தவித்தார்கள். பையனைக் காணவில்லை என்று 'இந்து' பத்திரிகையில் செய்தி வந்தது. பிறகு அவர் ஊர் திரும்பினார் என்பது நாட்டின் அதிர்ஷ்டம்.

அந்தப் பதினேழு வயதுதான் இன்றும் விடுதிகளில் இருக்கிறது.

ஊர்ப் பள்ளியில் அவன்தான் முதல் மாணவன். 600-க்கு 550 மார்க்கு. ஊர்த் தலைவர் சால்வை போர்த்தினார். கல்லூரிக்குப் போனால் வகுப்பில் அறுபது பேருமே அப்படி வந்தவர்கள். பாடம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. அரைப் பாகம் புரிகிறது. முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் போய்விடுகிறது. 'அரியர்' என்கிறார்கள். கல்லூரியில் அது தினசரி வார்த்தை. ஆனால் வாழ்க்கையில் தோற்றே அறியாத பிள்ளைக்கு அது இடி.

அப்போது அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆசிரியரிடம் போய் "சார், நான் தமிழ் வழியில் படித்தவன். எங்கே இருந்து தொடங்கினால் புரியும்?" என்று கேட்கிறதா? வீட்டுக்குப் போன் போட்டு "அப்பா, இரண்டு பாடம் போய்விட்டது" என்கிறதா? அப்படியானால் பயம் இல்லை. மறு தடவை எழுதித் தேறிவிடலாம்.

மறைத்தால்தான் ஆபத்து. ஒரு பொய்க்கு இரண்டாவது பொய் வரும். பரீட்சைக் கட்டணத்துக்கு வீட்டில் கேட்கப் பயந்து போன் வழியாகக் கடன் கொடுக்கும் கும்பலிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் உண்டு. வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே படுத்துக் கிடக்கும் பிள்ளைகள் உண்டு. அதைவிடப் பெரிய துயரங்களைப் பத்திரிகையில் எல்லாரும் படித்திருக்கிறார்கள்.

"தோற்றாலும் சொல். திட்டினாலும் இரண்டு நாள் திட்டுவோம். பிறகு சேர்ந்து வழி பார்ப்போம்." இதைப் பிள்ளை தோற்பதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். தோற்ற பிறகு சொன்னால் நம்புவது கடினம். திட்டவே மாட்டோம் என்று சொல்ல வேண்டாம். அதை எந்தப் பிள்ளையும் நம்பாது!

மனம் உடைந்து, வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம். மத்திய அரசு 2022-ம் ஆண்டு தொடங்கிய மனநல உதவி எண் இது. தமிழிலும் பேசலாம். காசு கிடையாது.

மூத்த மாணவர்கள்

ராகிங் பற்றிப் பல தாய்மாருக்குப் பயம் இருக்கிறது. பயம் நியாயமானது. தமிழ்நாட்டில் 1996-ம் ஆண்டு ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொலையே செய்யப்பட்டார். நாடே நடுங்கியது. 1997-ம் ஆண்டு தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் 2 வருடம் வரை சிறை, 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். கல்லூரியில் இருந்தும் நீக்கப்படுவார்கள்.

நாடு முழுவதுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு 2009-ம் ஆண்டு விதிகள் வகுத்தது. 1800-180-5522 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். இந்த எண்ணைப் பெட்டியின் மூடியில் ஒட்டி அனுப்பலாம்.

ஆனால் எண் மட்டும் இருந்தால் போதுமா? கூப்பிட வாய் வரவேண்டுமே! "மூத்தவர்கள் அப்படித்தான் இருப்பார்கள், அனுசரித்துப் போ" என்று வீட்டில் சொல்லி அனுப்பிய பிள்ளை எப்படிக் கூப்பிடும்? பெயர் கேட்பது, ஊர் கேட்பது வேறு. அடிப்பது, அவமானம் செய்வது வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி, இரண்டாவது நடந்தால் அனுசரிக்கவே வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லி அனுப்ப வேண்டும்.

விடுதி வாசலில்

சேர்க்கிற நாள் அன்று வார்டன் பிள்ளையைப் பார்த்து "எந்த ஊர்? என்ன பாடம்?" என்று கேட்பார். தகப்பனாருக்கு நாக்கு துடிக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும். பிள்ளை பதில் சொல்லட்டும். பக்கத்துக் கட்டில் பிள்ளையோடு தாயார் பேசிச் சிநேகம் பிடித்துக்கொடுக்க வேண்டாம். முறுக்கு டப்பா இருக்கிறதே, அது போதும். டப்பாவைத் திறந்தால் சிநேகம் தானே வரும்.

பிறகு போன். தினமும் இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருந்து போன் போகிறது.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"உடம்பு நல்லா இருக்கா?"

"இருக்கு."

"நல்லாப் படி."

"சரி."

அரை நிமிடம். போனை வைத்துவிட்டுப் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அந்த அரை நிமிடத்தில் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை.

கேள்வியை விட்டுவிட்டு வீட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். "இன்றைக்கு மோட்டார் ஓடவில்லை தம்பி. மெக்கானிக் ஏமாற்றிவிட்டான். 800 ரூபாய் போய்விட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை." தகப்பனாரே இப்படித் தம் தோல்வியைச் சொன்னால், மறுமுனையில் பிள்ளைக்கும் பேச்சு வரும். "எனக்கும் இன்றைக்கு ஒன்று நடந்ததுப்பா" என்று தொடங்கும்.

அப்படித் தொடங்கும்போது நடுவில் புத்தி சொல்லாமல் கடைசி வரை கேட்பது பெரிய வேலை. தகப்பனார்களுக்கு அது துணி துவைப்பதைவிடக் கடினம்.

தீபாவளி வரும். ரயிலில் 60 நாளைக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும். அரை மணியில் இடம் தீர்ந்துவிடும். அந்த டிக்கெட்டைத் தகப்பனார் எடுக்க வேண்டாம். தேதியைப் பார்த்துப் பிள்ளையே எடுக்கட்டும். தவறவிட்டால் பஸ்ஸுக்கு யாரைக் கேட்பது, எத்தனை மணிக்கு எங்கே நிற்பது என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொண்டு நின்றபடியே வந்து சேரட்டும். வந்ததும் முதலில் மார்க்கைக் கேட்காமல் சாப்பாடு போடலாம்.